பிரேக் மாத்திரை

அன்று விடியற்காலை தொழிற்சாலை வாசலில் இருந்தவர்கள்: நான். என் பஸ்ஸிலிருந்து கடைசியாக இறங்கிய கமலம். கேட்டில் நின்ற நேப்பாளக் காவலாளி. அடுத்த பஸ்ஸின் ஓட்டுநர் அஸ்மி. எங்கள் பஸ் கம்பெனியின் சூப்பர்வைசர் ஜேசன். மொத்தம் ஐந்து பேர்.

இதை முதலில் எழுதக் காரணம் இருக்கிறது. கம்பெனி பிற்பாடு எனக்கு அனுப்பிய கடிதத்தில், நான் பலர் முன்னிலையில் போதையில் விழுந்ததாக இருந்தது. பலர் இல்லை. என்னைக் கழித்தால் நான்கு பேர். அந்த நான்கு பேரில் ஒருவரும் என் வாய்ப்பக்கம் மூக்கைக் கொண்டுவந்து பார்க்கவில்லை. நான் மது தொடாதவன். அது பெரிய ஒழுக்கம் ஒன்றும் இல்லை, பயம்தான். ஒரு வாய் குடித்தால் மறுநாள் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு ஹைவேயில் போகும்போது கை நடுங்கிவிடுமோ என்று பயந்து பயந்தே தொடாமல் இருந்துவிட்டேன்.

என் பெயர் சுப்பிரமணியம், மணியம் என்பார்கள். கூலாயிலிருந்து செனாய் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறவன். பள்ளியில் மூன்றாம் படிவத்தைக்கூட முடிக்கவில்லை. ஆகவே கீழே வரும் மருத்துவ விஷயங்களில் பிழை இருந்தால் அது நான் கேட்டுக்கொண்டதில் உள்ள பிழை, சொன்ன டாக்டருடையது அல்ல. கோபம் தெரிந்தால் அதுவும் என்னுடையது. பிழையைத் திருத்திக்கொள்வேன். கோபத்தைத் திருத்திக்கொள்ள மாட்டேன்.

ஆட்கள் இறங்கியதும் நான் ஒருமுறை இறங்கி டயர்களைத் தட்டிப் பார்ப்பது வழக்கம். கிளம்பும்போதும் பார்த்திருப்பேன், இருந்தாலும் மனம் கேட்காது. அன்றைக்கும் அப்படித்தான் இறங்கினேன். கடைசிப் படியில் தொடை மடங்கிவிட்டது. வலி இல்லை, மயக்கம் இல்லை. வேறு யாருடைய காலோ என் இடுப்பில் மாட்டியிருப்பதுபோல் அது பாட்டுக்கு மடங்கியது. கையை ஊன்றி எழப் பார்த்தேன். எழ முடியவில்லை.

தீபாவளி விடுமுறை முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள் அது. ஜேசன் சிரித்துக்கொண்டே வந்தான்.

"மணியம், மாசிஹ் மாபோக் கா?" என்றான். இன்னும் போதை தெளியவில்லையா என்று மலாயில் கேட்கிறான்.

கமலம் அவனிடம் மலாயிலேயே சண்டைக்குப் போனாள். இவர் குடிக்கிற ஆள் இல்லை, எத்தனையோ வருசமாக இந்த பஸ்ஸில்தான் வருகிறேன் என்று கத்தினாள். பிறகு என் பக்கம் குனிந்து, "அண்ணே, எந்திரிக்காதீங்க. அப்படியே உக்காந்திருங்க. இவன் கிடக்கிறான்," என்றாள்.

அவன் கிடக்கவில்லை. பஸ் சாவியை எடுத்துக்கொண்டான். கம்பெனியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதித் தருவதாகவும், குடிக்கவில்லை என்று ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே சாவியைத் திருப்பித் தருவதாகவும் சொன்னான். எனக்கு அது நியாயமாகப் பட்டது. குடிக்காதவனுக்குக் குடிக்கவில்லை என்று எழுதித் தர எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்தேன்.

இங்கே எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கம்பெனி பஸ் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு கௌட் உண்டு. கால் கட்டைவிரல் மூட்டில் நெருப்புக் கங்கை வைத்ததுபோல் இருக்கும் அந்த வாதம். வலது காலில் வந்தால் பிரேக் மிதிக்க முடியாது. பிரேக் மிதிக்க முடியாவிட்டால் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, எடுக்க வேண்டும். மாதத்தில் ஒரு நாள் எம்.சி. எடுத்தாலும் வருகைப் படி போய்விடும். ஆகவே கம்பெனி எங்களுக்கென்று பேசி வைத்திருக்கும் பேனல் கிளினிக்கில் ஒரு மாத்திரை தருவார்கள். கோல்சிசின் என்று பெயர். எங்களுக்குள் அதைப் பிரேக் மாத்திரை என்போம். வலி வந்த பிறகு சாப்பிடுகிறவன் புது ஓட்டுநர். வலி வருவதற்கு முன்பே, வண்டியை எடுக்குமுன் ஒன்று போட்டுக்கொள்கிறவன் பழைய ஓட்டுநர். இரண்டு ஷிப்ட் ஓட்டுகிற நாளில் இரண்டு.

இதை நாங்கள் திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. மாதா மாதம் கிளினிக்கில் கேட்பார்கள், "மணியம், எம்.சி. வேணுமா, மாத்திரை வேணுமா?" என்று. மாத்திரை என்றால் கவுண்டரில் சிரித்த முகத்தோடு அட்டை அட்டையாகத் தருவார்கள். சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும் என்று ஒருநாளும் ஒருவர் சொன்னதில்லை. எனக்கு ரத்த அழுத்தம் உண்டு. வழியில் எங்கேயும் நிறுத்திச் சிறுநீர் கழிக்க முடியாது என்பதால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் ஓட்டுகிறவன் நான். அந்தக் கிளினிக்குக்கு இது தெரியும். நானே சொல்லியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப் போவதில்லை. அவசரப் பிரிவில் நெடுநேரம் காத்திருந்த பிறகு கூப்பிட்டார்கள். டாக்டர் இளைஞர், நம்மவர், தமிழில் பேசினார். எனக்கு உயிர் வந்ததுபோல் இருந்தது. என் மனைவி சரசு என் முழங்கையைக் கிள்ளி, "பாத்தீங்களா, நம்ம புள்ள," என்றாள்.

நம்ம பிள்ளை கேட்ட முதல் கேள்வி, "அங்கிள், ஒரு நாளைக்கு எத்தனை டின்?"

"என்ன டின், டாக்டர்?"

"பீர், அங்கிள்."

"நான் குடிக்கிறதில்ல, டாக்டர்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. தீபாவளிக்குமா குடிக்கல?"

"தீபாவளிக்கு பண்டுங் குடிச்சேன்."

ரோஸ் பாலைத்தான் சொன்னேன். பக்கத்தில் நின்ற நர்சு சிரித்துவிட்டாள். நான் சாப்பிடுகிற மாத்திரைகளை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அதை மேசையில் கொட்டினேன். பிரேக் மாத்திரையின் அட்டையை எடுத்து, இது எதற்கு என்று கேட்டார். கௌட்டுக்கு என்றேன்.

"பாத்தீங்களா அங்கிள். கௌட் எதுல வருது? பீர்லதானே?"

அட்டையைத் திரும்பப் பையில் போட்டுவிட்டார். எத்தனை சாப்பிடுகிறேன், எத்தனை வருசமாகச் சாப்பிடுகிறேன் என்று கேட்கவில்லை. நான் எதைக் காட்டினேனோ அதுவே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. என்னை ஊதச் சொல்லுங்கள் டாக்டர், ரத்தத்தில் பாருங்கள் என்று கெஞ்சினேன். ஊதச் சொல்வது போலீஸ் வேலை என்றார். ரத்தம் எடுத்தார்கள், ஆனால் மதுவைப் பார்க்க அல்ல. கல்லீரல் கணக்குப் பார்த்தார்கள். அதில் ஏ.எஸ்.டி. என்ற ஒன்று மிக அதிகமாக இருந்தது. அதோடு முடிந்தது. கல்லீரல் கெட்டிருக்கிறது, கால் தள்ளாடுகிறது, கௌட் இருக்கிறது, தமிழன், பஸ் ஓட்டுகிறான், தீபாவளி வாரம். கூட்டிப் பார்த்து விடை எழுதிவிட்டார்கள்.

சரசுவைத் தனியாகத் திரைக்குப் பின்னால் கூட்டிப் போனார்கள். வெளியே வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது.

"என்ன கேட்டாங்க?"

"நீங்க வீட்ல அடிப்பீங்களான்னு."

"நீ என்ன சொன்ன?"

"நாந்தான் அடிப்பேன், அதையும் எழுதிக்கோங்கன்னேன்."

வார்டில் சில நாள் வைத்து, வைட்டமின் ஊசி போட்டு, குடியை நிறுத்த ஆலோசனைக்கு ஒரு தேதியும் கொடுத்து அனுப்பினார்கள். கௌட் மாத்திரையை மட்டும் தொடர்ந்து சாப்பிடச் சொன்னார்கள். விஷத்தைக் கையில் கொடுத்து, இல்லாத விஷத்தை விடச் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரி கொடுத்த கடிதத்தை வீட்டில் என் மகள் தேவி படித்துச் சொன்னாள். அவள் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறாள், தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து போய் வருகிறவள். படிக்கும்போதே நிறுத்திவிட்டாள்.

"அப்பா, மதுவால வந்த தசை நரம்பு பாதிப்புன்னு போட்டிருக்காங்க."

"கம்பெனிக்குக் குடுக்காத."

"கம்பெனி லெட்டரோடதானே போனீங்க. காப்பி அங்க முதல்லயே போயிருச்சு."

மறுநாளே கம்பெனியிலிருந்து கடிதத்தோடு ஆள் வந்தது. மறு உத்தரவு வரும்வரை வேலைக்கு வரக் கூடாது, சம்பளம் கிடையாது. பயணிகள் பஸ் ஓட்டுகிற உரிமம் புதுப்பிக்கும்போதும் இந்த மருத்துவக் கடிதத்தைக் காட்ட வேண்டியிருக்கும் என்று வாயால் ஒரு செய்தி. இந்த வயதில் எனக்கு வேறு என்ன தெரியும்? பஸ் ஓட்டத்தான் தெரியும். மது என்ற அந்த ஒரு சொல் ஆஸ்பத்திரிக் கடிதத்தில் இருக்கும்வரை நான் இனி எந்த ஸ்டீயரிங்கையும் தொட முடியாது. அந்தச் சொல்லை எடுக்க வைக்க வேண்டும். அதற்குப் பிறகு நான் அலைந்ததெல்லாம் இதற்காகத்தான். நோய் குணமாக வேண்டும் என்பதுகூட இரண்டாவதுதான்.

வீட்டில் நிலைமை மோசமானது. குந்தினால் எழ முடியவில்லை. தலை சீவக் கையைத் தூக்கினால் பாதியில் விழுந்தது. எனக்குக் கவலைப்பட எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பக்கவாதமோ, முதுகெலும்பில் கட்டியோ, மூச்சுத் தசையும் இப்படி நின்றுபோகுமோ என்று படுத்தபடியே நெஞ்சில் கையை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். சரசு என் கையைத் தட்டிவிடுவாள். "வருது, வருது. தூங்குங்க," என்பாள்.

சரசுவின் தம்பி ராஜு சாஆ என்ற ஊரில் செம்பனைத் தோட்டத்து லாரி ஓட்டுகிறவன். செய்தி கேட்டு வந்தான். வந்ததும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ரம்பத்தால் வட்டமாக அறுத்து, ஓரத்தைத் தேய்த்து, கழிவறையில் குந்தாமல் உட்கார வசதி செய்து கொடுத்தான். வேலையை முடித்துவிட்டு அதே நாற்காலியைத் தட்டிக்கொண்டே பேசினான்.

"மச்சான், எத்தனை தடவை ஊத்திக் குடுத்தேன், ஒரு மூடி கூடத் தொடல. இப்ப கவர்மெண்டே எழுதிக் குடுத்துருச்சு. பேரு வந்தாச்சு, இனிமே குடிச்சாலும் நட்டமில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் போன பிறகு அழுகை வந்தது. நாற்காலி மட்டும் இல்லாதிருந்தால் அந்த மாதங்களைத் தாண்டியிருக்க மாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ரத்த அழுத்த மாத்திரை வாங்க அரசு சுகாதாரக் கிளினிக்குக்குப் போனபோதுதான் திருப்பம் வந்தது. நாற்காலியிலிருந்து எழ, நான் என் தொடையைக் கையால் பிடித்துப் பிடித்து என் உடம்பின்மேலேயே ஏறுவதை அங்கிருந்த டாக்டர் பார்த்தார். இது தசைக் கோளாறு போல இருக்கிறது என்று வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கேதான் டாக்டர் ஃபரீதாவைப் பார்த்தேன். நரம்பு, தசை நோய்களுக்கான நிபுணர். அவர் பேசியது மலாய். நான் தமிழில் எழுதுகிறேன். கைகளைக் கட்டிக்கொண்டு எழுங்கள் என்றார். முடியவில்லை. தொடையை அழுத்திப் பார்த்தார், பாதத்தில் ஊசி முனையால் தொட்டுக் கேட்டார். பிறகு என் பிளாஸ்டிக் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒவ்வோர் அட்டையையும் கையில் எடுத்தார்.

"இது தினமுமா?"

"தினமும், டாக்டர். ரெண்டு ஷிப்ட்னா ரெண்டு."

"எவ்வளவு நாளா?"

"தீபாவளி ரெண்டு போயிருக்கும்."

"யார் குடுத்தாங்க?"

"கம்பெனி கிளினிக்."

அவர் அந்த அட்டையைத் தனியே எடுத்து வைத்தார். சரசுவைப் பார்த்து, இன்றைக்கே இதைக் குப்பையில் போடுங்கள் என்றார்.

அன்றே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். என் சிறுநீரகங்கள் பாதி வேகத்தில்தான் வேலை செய்வதாகத் தெரிந்தது. அதனால் அந்த மாத்திரை உடம்பைவிட்டு வெளியே போகாமல் நாள்பட்டுத் தேங்கியிருக்கிறது. தசை சிதைந்தால் ரத்தத்தில் கசியும் சி.கே. என்ற பொருள் ஒன்று உண்டு. அது இருக்க வேண்டியதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் இருந்தது. முதல் ஆஸ்பத்திரியில் அதைப் பார்க்கவே இல்லை. அப்புறம் டாக்டர் ஃபரீதா அந்தப் பழைய கல்லீரல் தாளை என் முன்னால் விரித்தார். ஏ.எஸ்.டி. கல்லீரலில் மட்டும் இருப்பதல்ல, தசையிலும் இருக்கிறது, தசை உடைந்தாலும் அது ஏறும் என்றார். குடியால் கல்லீரல் கெட்டால் ஜி.ஜி.டி. என்ற இன்னொன்றும் பெரும்பாலும் ஏறியிருக்கும். அதே தாளில், அதற்கு மூன்று வரி கீழே, அது சரியான அளவில் இருந்தது. மூன்று வரி கீழே பார்க்க அந்தத் தம்பி டாக்டருக்கு நேரமில்லை.

"மாத்திரையை நிறுத்தியாச்சு. சில வாரத்துல பலம் திரும்பும். பயப்படாதீங்க," என்றார் டாக்டர்.

தசையில் ஒரு துண்டு வெட்டிச் சோதிக்கலாம், ஆனால் உங்களுக்கு அது தேவையில்லை என்றும் சொன்னார். சரசு கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கோ அப்போதுதான் உள்ளே திக்கென்றது.

"வெட்டிருங்க, டாக்டர்," என்றேன்.

சரசு என்னைத் திரும்பிப் பார்த்தாள். பல் பிடுங்கப் பயந்து ஆறு மாதம் கிராம்பு கடித்துக்கொண்டிருந்த ஆள் நான்.

"ஏன்?" என்றார் டாக்டர்.

"நான் இப்ப சும்மா நல்லாயிட்டேன்னா, குடியை விட்டான், நல்லாயிட்டான்னு சொல்லுவாங்க, டாக்டர். நல்லாவுறதே எனக்கு எதிரா சாட்சியாயிரும்."

அவர் பேனாவை மூடினார். சரி என்றார். ஆனால் அந்தச் சோதனையில் ஒரு தனிச் சாயம் உண்டு, அதை வெளியே ஒரு தனியார் ஆய்வகத்தில்தான் போடுவார்கள், அந்தச் செலவை நாங்கள்தான் கொடுக்க வேண்டும் என்றார். வார்டுக்கான கட்டணம் பெரிதில்லை, கவர்மெண்ட் ஆஸ்பத்திரி. இதுதான் பெரிது. தேவி தன் பழைய மோட்டார் சைக்கிளை மாற்றச் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தாள். அந்த மழைக்காலம் முழுக்க அவள் அதே பழைய வண்டியில்தான் பாலம் கடந்தாள். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. "அப்பா, குடின்னு எழுதுன அந்த டாக்டர் மூஞ்சியில அடிக்கிற மாதிரி ரிப்போர்ட் வரணும், அவ்ளோதான்," என்றாள்.

தொடையை மரத்துப்போகச் செய்து, சின்னதாகக் கீறி, புளியங்கொட்டை அளவு தசையை எடுத்தார்கள். வலிக்கவில்லை. ஆனால் எனக்குள்ளிருந்து எதையோ இழுக்கிற அந்த உணர்ச்சியை மறக்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு கூலாயிலிருந்து செனாய்வரை ஒவ்வொரு சிக்னலாக மனத்துக்குள் ஓட்டிப்போனேன்.

முடிவு வர வாரங்கள் ஆயின. அதற்குள் கையைத் தலைக்கு மேல் தூக்க முடிந்தது. ஒவ்வொரு முன்னேற்றத்துக்கும் சரசு சந்தோஷப்பட்டாள். நான், ரிப்போர்ட் வருமுன் முழுசாக நல்லாகிவிடுவேனோ என்று கவலைப்பட்டேன்.

ரிப்போர்ட் வந்த அன்று நானும் சரசுவும் தேவியும் போனோம். டாக்டர் ஃபரீதா கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். என் தசை. நல்ல துணியில் கரையான் அரித்ததுபோல் ஓட்டை ஓட்டையாக இருந்தது. அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

உடம்பு செல் என்னும் சின்னச் சின்ன அறைகளால் ஆனது. ஒவ்வொரு செல்லும் தனக்குள் பழுதாகிப்போன சாமான்களைத் தானே தின்று தீர்த்துக்கொள்கிறது.

"தன்னையே தின்னுதா?" என்று கேட்டேன்.

"நீங்க இருபத்தஞ்சு வருசமா கவலைப்பட்டு உங்களைத் தின்னதைவிடவா," என்றாள் சரசு.

டாக்டருக்கு தேவி அதை மலாயில் சொன்னாள். அவரும் சிரித்தார். இது நல்ல தின்னல், இல்லாவிட்டால் செல் குப்பையில் மூழ்கிவிடும் என்றார். முதலில் மெல்லிய சவ்வு ஒன்று, தேங்காய் மூடிபோல் குழிந்து, பழுதான சாமானைச் சுற்றி வளரும். வளர்ந்து வாய் மூடிக்கொண்டால் அது ஒரு பை. குப்பைப் பை. ஆனால் சவ்வு சும்மா தானாக அப்படி வளையாது. அதற்கென்றே சில புரதங்கள் வந்து சவ்வின்மேல் உட்கார வேண்டும். புரதம் என்றதும் நான் முட்டை, பருப்பு என்று நினைத்தேன். அது இல்லை. செல்லுக்குள் வேலை செய்கிற கருவிகள் எல்லாமே புரதங்கள்தானாம். அதில் ஒன்று, சவ்வில் இருக்கும் கொழுப்போடு தன்னைப் பூட்டிக்கொண்டு, எடுக்க முடியாதபடி பதிந்து உட்கார்ந்துவிடும். எந்தக் குப்பையை உள்ளே இழுப்பது என்று பிடித்துக் கொடுப்பதும் அதுதான்.

பை மூடியதும் அது அமிலப் பை ஒன்றிடம் போய்ச் சேர வேண்டும். அமிலப் பையின் சவ்வில் கொக்கிபோலச் சில புரதங்கள், குப்பைப் பையின் சவ்வில் அதற்குச் சேரும் கொக்கி. இரண்டும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு, இரண்டு சவ்வையும் நெருக்கி நெருக்கி ஒன்றாக்கிவிடும். அமிலம் உள்ளே பாயும். குப்பை கரையும். கரைந்ததில் நல்லதைச் செல் திரும்ப எடுத்துக்கொள்ளும். பையின் உட்புறம் ஒட்டியிருந்த அந்தப் புரதமும் சேர்ந்தே கரைந்துபோகும்.

"அப்ப என் பைக்கு என்ன ஆச்சு, டாக்டர்?"

"போற ரோடு போயிருச்சு," என்றார்.

செல்லுக்குள் நீள நீளமான நூல்கள் இருக்கின்றன. பைகள் அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் நகர்கின்றன. கோல்சிசின் அந்த நூல்களைக் குலைத்துவிடுகிறது. கௌட்டில் வீங்குகிற இடத்துக்கு வெள்ளை அணுக்கள் ஓடுவதை அது தடுப்பதும் இந்த வழியில்தான், அதனால்தான் வலி குறைகிறது. ஆனால் அது உடம்பில் தேங்கினால் தசைக்குள்ளும் நூல் குலைகிறது. பைகள் மூடித் தயாராக நிற்கின்றன, அமிலப் பையும் தயாராக நிற்கிறது, கொக்கிகள் ஒன்றையொன்று தொட முடியவில்லை. பை மேல் பை சேர்ந்து தசையே வேலை செய்ய முடியாமல் போகிறது.

தேவி பணம் கட்டிய சாயம், சவ்வில் பதிந்து உட்காரும் அந்தப் புரதத்தை மட்டும் பிடித்துப் பழுப்பு நிறமாகக் காட்டும். நல்ல தசையில் அது அங்கொன்று இங்கொன்றாகத்தான் தெரியும், ஏனென்றால் அவ்வப்போது கரைந்துவிடுகிறது. என் தசையில் படம் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். பெருக்காமல் விட்ட வாசலில் சருகு கிடப்பதுபோல் கிடந்தன.

"குடியால இப்படி வராதா, டாக்டர்?" என்றேன். எனக்கு அது ஒன்றுதான் கேள்வி.

"குடிச்சுக் கெடுற தசை வேற மாதிரி இருக்கும். இது மாத்திரை. நிறுத்தினதும் நீங்க தேறி வர்றதும் அதோட ஒத்துப்போகுது. எழுதித் தரேன்."

எழுதித் தந்தார். ஒரு பக்கம். குடி இதற்குக் காரணமல்ல என்று தெளிவாக. தேவி அதை வார்டு வாசலிலேயே நின்று இரண்டு முறை சத்தமாகப் படித்தாள்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

முதல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழைய கடிதத்தில் இருக்கிற சொல்லை எடுங்கள் என்றேன். ஒருமுறை எழுதியதை எடுக்க முடியாது, புதுக் கடிதத்தைப் பின்னால் சேர்த்து வைக்கிறோம் என்றார்கள். அந்தத் தம்பி டாக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். பேனல் கிளினிக்குக்குப் போனேன். நோயாளி கேட்டார், கொடுத்தோம் என்றார்கள். மாதா மாதம் நீங்கள்தானே எம்.சி.யா மாத்திரையா என்று கேட்டீர்கள் என்றேன். கவுண்டரில் இருந்த பெண் அடுத்த நம்பரைக் கூப்பிட்டாள். கம்பெனிக்குப் போனேன். ஆள் விவகார அதிகாரி கடிதத்தைப் படித்துவிட்டு, நல்லது, திங்கட்கிழமையிலிருந்து வரலாம் என்றார். சம்பளம் இல்லாமல் நிறுத்தி வைத்த மாதங்களுக்கு என்ன என்று கேட்டேன். ஆஸ்பத்திரி சொன்னதை நம்பித்தான் நிறுத்தினோம், ஆஸ்பத்திரியைப் போய்க் கேளுங்கள் என்றார். பிறகு மேசை மேல் ஒரு தாளை நகர்த்தினார். எனக்குக் கம்பெனியிடமிருந்து வர வேண்டியது எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் சாவி. ஜேசன் அதை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டு அங்கேயே நின்றான்.

"மணியம், சைன் பண்ணு லா. உனக்கு வேலைதானே வேணும்," என்றான்.

எனக்குக் கையெழுத்துப் போடுவதென்றாலே பயம். போடாமல் இருப்பதற்கு அதைவிடப் பயம். வீட்டு வாடகை, தேவியின் பணம், எல்லாம் கண்முன் வந்தன. சரசுவுக்கு போன் போட்டேன்.

"என்ன செய்யட்டும்?"

"நீங்க குடிச்சீங்களா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு சைன்? வீட்டுக்கு வாங்க. மீன் வாங்கி வச்சிருக்கேன்."

கையெழுத்துப் போடவில்லை. இப்போது வேறொரு கம்பெனியில், சின்ன வேன் ஓட்டுகிறேன். சம்பளம் குறைவு. உரிமம் புதுப்பித்தாகிவிட்டது, டாக்டர் ஃபரீதாவின் கடிதத்தோடு. தேவிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து முடித்துவிட்டேன், அவள் வாங்க மாட்டேன் என்று முறைத்தும். கௌட் வந்தால் எம்.சி. எடுக்கிறேன். அஸ்மியைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சட்டைப் பையிலிருந்த அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, "அலமாக்," ஐயையோ, என்று மட்டும் சொன்னான். மறுநாள் சிறுநீரகச் சோதனைக்குப் போயிருக்கிறான். பஸ் ஓட்டுகிற தம்பிகள் இதைப் படித்தால் அதையாவது செய்யுங்கள். கேட்காமல் கொடுக்கிற மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள்: என் சிறுநீரகத்துக்கு இது ஆகுமா என்று.

லேபர் ஆபீசில் புகார் கொடுத்திருக்கிறேன். தேதி தள்ளித் தள்ளிப் போகிறது. அதற்காகக் காத்துக்கொண்டு உட்காரவில்லை. ஒவ்வொரு மாதமும் சம்பள நாளன்று பழைய கம்பெனி ஆபீசுக்குப் போகிறேன். அது மாடியில் இருக்கிறது. கைப்பிடியைத் தொடாமல் ஏறுகிறேன். முன்னறையில் இருக்கும் பெண் என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போவாள். வெளியே வந்து, இன்னும் முடிவாகவில்லை அங்கிள் என்பாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தொகையை மட்டும் அவளிடம் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு இறங்குகிறேன். மூன்று மாதச் சம்பளம். ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் வெள்ளி.